ஆள்வதும் காப்பதும்



சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே சூழல் மாசடைதல் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளும்படி விவிலியம் மனிதனுக்குக் கட்டளையிட்டது என்றும், மேலைநாட்டார் இயற்கையைச் சூறையாடியதற்கு அதுவே காரணம் என்றும் அடித்துக் கூறினேன். பின்வரிசையிலிருந்து கத்தோலிக்க மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அடுத்த அதிகாரத்தையும் வாசிச்சனீங்களோ?" என்று பணிவாகக் கேட்டான். நான் வாசித்திருக்கவில்லை. அன்று மாலையே விவிலியம் ஒன்றை இரவல் வாங்கினேன்.

பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் துணைநின்ற மண் எங்கள் யாழ்ப்பாணம். ஆகவே சைவத் தமிழாசிரியன் ஒருவன் விவிலியச் சொற்களை ஆராய முற்படுவது புதுமையன்று.

நான் வகுப்பிலே சொன்னது என் சொந்தக் கருத்துமன்று. லின் வைற் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் எதிரொலியே அது. மேலைத்தேயக் கிறிஸ்தவம் மனிதனையே மையமாகக் கொண்டது. இயற்கை அவன் பயன்பாட்டுக்கென்றே படைக்கப்பட்டது என்ற எண்ணத்தை அது வளர்த்தது என்பது அவரது குற்றச்சாட்டு. ஆனால் அவரை எடுத்தாள்வோர் பலர் கட்டுரையின் முடிவை விட்டுவிடுகின்றனர். வைற் தாமும் ஒரு கிறிஸ்தவரே. நோயின் வேர் சமயத்தில் இருப்பதால் மருந்தையும் அங்கேயே தேடவேண்டும் என்று கருதிய அவர், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைச் சூழலியலாளரின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அப்புனிதரை அவ்வாறே பிரகடனப்படுத்தினார்.

இனி, மாணவன் சுட்டிய அதிகாரத்துக்கு வருவோம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலே மனிதன் ஆள்பவன். இரண்டாம் அதிகாரத்திலோ அவன் ஒரு தோட்டத்திலே வைக்கப்படுகிறான். அங்கே அவனுக்கு இரண்டு வேலைகள்: நிலத்தைப் பண்படுத்துதல், காத்தல். முதலாவதைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்குத் தொண்டு செய்தல் என்ற பொருளும் உண்டு. இரண்டாவது சொல் 'ஷமர்'. நான்காம் அதிகாரத்திலே, தம்பியைக் கொன்ற காயின், அவனைக் காப்பது தன் பொறுப்போ என்று இறைவனிடம் எதிர்க்கேள்வி கேட்கும் இடத்திலும் இதே சொல்லே வருகின்றது. மண்ணைக் காப்பதற்கும் உடன்பிறந்தானைக் காப்பதற்கும் அங்கே சொல் ஒன்றுதான். தம்பியைக் காவாத காயினுக்கு நிலமும் பலன் தர மறுக்கின்றது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட சூழல் பற்றிய சுற்றுமடல் இக்கதையை நினைவூட்டி, பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் பிரிக்கமுடியாது என்று வலியுறுத்துகின்றது.

அப்படியாயின் முதல் அதிகாரத்தின் ஆட்சியை என்ன செய்வது? இங்கே தமிழ் எனக்குக் கைகொடுத்தது. நம் பழந்தமிழில் அரசனுக்குக் காவலன், புரவலன் என்று பெயர். காவாதவன் அரசனல்லன். ஆள்வது என்றாலே காப்பது என்று கொண்டால் இரண்டு அதிகாரங்களுக்கும் இடையே பகை இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2021 மே மாதம் கொழும்புக் கடற்பரப்பிலே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. ஜூன் மாதம் மூழ்கியது. பிளாஸ்ரிக் மணிகள் தொன் கணக்கில் மேற்குக் கரையை மூடின. மீன்கள் மடிந்தன, நீர்கொழும்பு மீனவரின் வலைகள் கரையிலே கிடந்தன. கடலுக்கும் மீனவனுக்கும் நேர்ந்தது ஒரே கேடு. நியாயம் கேட்டு நீதிமன்றம் சென்றவர்களுள் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் ஒருவர். 2025 ஜூலையிலே உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. காத்தல் என்ற சொல் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வழக்கு மன்றம் ஏறியதாகவே இதை நான் காண்கிறேன்.

சைவர்களாகிய நாம் இதைக் கேட்டு ஒதுங்கியிருக்க முடியாது. நீரைத் தெய்வமென்று வணங்குகின்றவர்கள் நாம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதாக ஆய்வாளர் நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றனர். தோட்டத்துக்கு அளவின்றி இட்ட உரமும் மலக்குழிக் கசிவும் அதற்குக் காரணங்கள். கிணற்றடியிலே பொங்கல் வைத்துவிட்டு அதே கிணற்றிலே நஞ்சு கலக்கின்றோம். பிறர் வேதத்தில் ஓர் அதிகாரத்தை மட்டும் வாசித்துக் குற்றம் சாட்டிய நான், என் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அதே வகுப்பிலே, நான் சொன்னது பாதிதான் என்று மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன். எழுந்து கேட்ட அந்த மாணவனுக்கு நன்றியும் சொன்னேன். ஒரு சமயத்தின் பெருமை அது எவ்வளவு உயர்வாகப் பேசுகின்றது என்பதிலன்று, எதைக் காத்துத் தருகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது.