மூன்றாவது கோயிலின் அடித்தளம்



அரியக்குடியில் திருவேங்கடமுடையானைச் சேவித்து, மூலைக் கருடனுக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டுத்தான் நாங்கள் வெளியூர் கிளம்புவது. கொடும்பாளூருக்கும் அப்படித்தான் கிளம்பினேன். திருமயம், புதுக்கோட்டை, இலுப்பூர் வழியாக இரண்டு மணி நேரப் பயணம்.

கொடும்பாளூர் இருக்குவேளிரின் தலைநகரம். சோழருக்குத் துணைநின்று பாண்டியரோடு மோதிய குலம் அது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் பாதை மூன்றாகப் பிரிவது இந்தக் கொடும்பையில்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இது வானதி பிறந்த ஊர்.

வானதியின் அரண்மனையைத் தேடிப் போனால் ஒரு சுவர்கூடக் கிடைக்காது. நிற்பது மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் மன்னர் தம் பெயரில் ஒன்று, தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களில் ஒவ்வொன்று என ஒரே வரிசையில் எழுப்பிய மூன்று கற்கோயில்கள். இன்று இரண்டுக்குத்தான் விமானம் இருக்கிறது. வடக்கே இருந்த மூன்றாவது, வெறும் அடித்தளம். சுற்றிலும் இருந்த சிற்றாலயங்களும் அப்படியே.

நடுக்கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. தலைமுறை தலைமுறையாக இருக்குவேளிர் பெயர்களைச் சொல்கிறது. மூன்று கோயில்களின் கதையும் அதில்தான் இருக்கிறது. அந்தச் சுவரும் விழுந்திருந்தால் இந்தக் குலத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கும்!

நான் அதிக நேரம் நின்றது மூன்றாவது கோயிலருகே. செட்டிநாட்டுக்காரனுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. வளவும் பட்டாலையுமாக இருந்த வீட்டைப் பிரித்து, தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் விற்றபின் மிஞ்சும் தரையை எங்கள் பக்கத்து ஊர்களில் பார்த்திருக்கிறேன். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அந்தத் தூண்கள் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். எந்த வீட்டுத் தூண் என்று சொல்ல அதில் கல்வெட்டு கிடையாது.

கோயிலைச் சுற்றியுள்ள புல்வெளியில் கூட்டமில்லை. மயிலுக்குப் பேர்போன விராலிமலை பக்கத்திலேயே இருக்கிறது. திரும்பும்போது அதையும் பார்த்துவிடலாம்.

பிள்ளைகளை அழைத்துப் போங்கள், நேயர்களே. அடித்தளக் கற்களின் மேல் ஏறவிடாதீர்கள். காலையில் போகவேண்டாம், மூன்று கோயில்களும் மேற்குப் பார்த்தவை. மாலை வெயில்தான் அவற்றின் முகத்தில் விழும்.