தொட்டிக்குள் ஓர் இச்சி



மலர்க் கண்காட்சிகளில் போன்சாய் வரிசைக்கு முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும். எல்லோரும் மரத்தின் உச்சியைப் பார்ப்பார்கள். நான் குனிந்து அடியைப் பார்ப்பேன். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் வேர்கள் எப்படிப் பிரிந்து ஓடுகின்றன என்று பார்த்தால், வளர்த்தவருக்குப் பொறுமை இருந்ததா, அவசரம் இருந்ததா என்பது தெரிந்துவிடும். சரியாக அமையாத கிளையை வெட்டிவிட்டு இன்னொன்றை வளர்த்துக்கொள்ளலாம். வேர் கோணலாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

இன்று நான் பேசப்போவது சிற்றிலை அத்தி இன மரங்களைத் தொட்டியில் வளர்க்கும் கலையைப் பற்றி. அதிலும் கல்லிச்சியைப் பற்றி. தாவரவியலார் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி, தென்சீனம், தைவான், ஒக்கினாவா, வட ஆஸ்திரேலியா வரை இது இயற்கையாக வளர்கிறது. ஆலையும் அரசையும் தொட்டியில் வைத்துப் பார்க்க ஆசைப்படாதவர்கள் குறைவு. ஆனால் ஆலிலை உள்ளங்கையை மறைக்கும். ஒன்றரை அடி மரத்தில் அந்த இலை இருந்தால் மரம் கண்ணுக்குத் தெரியாது, இலைதான் தெரியும். கல்லிச்சியின் இலை விரல் நீளம்தான். நல்ல வெயிலில் வைத்துத் தொடர்ந்து கவாத்து செய்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அரசிலையும் சிறுக்கும், ஆனால் இந்த அளவுக்கு இறங்காது.

கண்காட்சிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. போன்சாய் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஜப்பானியப் பைனையும் ஜூனிப்பரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. முக்கோண உருவம், தட்டுத் தட்டாக அடுக்கிய இலைத்தொகுதி, கீழ்நோக்கி இறங்கும் கிளை. பனியின் பாரத்தில் தாழ்ந்த மலை மரத்துக்கு அந்த உருவம் பொருந்தும். பனியையே காணாத இச்சிக்கு அது எதற்கு? இருந்தும் நம் ஊர்க் கண்காட்சிகளிலேகூட இச்சியின் கிளைகளைக் கம்பி சுற்றிக் கீழே இழுத்து, பைன் வேடம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும். மரத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இச்சி தன் இஷ்டப்படி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க ஹாங்காங்கின் பழைய கருங்கல் தடுப்புச் சுவர்கள் நல்ல இடம். கென்னடி டவுன் பகுதியில் ஃபோர்ப்ஸ் தெருச் சுவரில் இச்சி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பறவை எச்சத்தில் வந்த விதை கல்லிடுக்கில் முளைத்து, சுவர் முழுக்க வேர்வலை பின்னியிருக்கிறது. தைவானின் தைனான் நகரில் ஆன்பிங் மரவீடு என்று ஓர் இடம். ஒரு வணிக நிறுவனத்தின் பழைய கிடங்கு அது. கைவிடப்பட்ட கட்டடத்தை இச்சி மரங்கள் எடுத்துக்கொண்டன. இப்போது வேர் எது, சுவர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கெல்லாம் உருவம் ஒன்றுதான்: உயரத்தைவிட அகலம் அதிகம், கிளைகள் பக்கவாட்டில் நீள்கின்றன, பார்க்கிறவர் கண்ணை வேர்தான் பிடித்து நிறுத்துகிறது. தொட்டியில் வளர்ப்பவரும் இதைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு ஏற்ற முறை சீனத்தின் குவாங்தொங் மாகாணத்தில் இருக்கிறது. லிங்னான் பாணி என்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் குவாங்சோ நகரில் காங் தைச்சு என்பவரும், ஹைச்சுவாங் கோயிலில் வாழ்ந்த சூ ரென் என்ற துறவியும் அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள். அங்கே கம்பிக்கு இரண்டாம் இடம்தான், கத்தரிக்கோலே பிரதானம். ஒரு கிளையைத் தடுக்காமல் நீள விடுவார்கள். அடிமரத்துக்குத் தக்க பருமன் வந்ததும், அடியில் கொஞ்சம் மட்டும் விட்டு வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழேயுள்ள கணுவிலிருந்து புதுக்கிளை வேறு திசையில் கிளம்பும். அதையும் நீள விட்டு, தக்க பருமன் வந்ததும் வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடக் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். திருப்பங்கள் எல்லாம் வெட்டில் பிறந்தவை என்பதால் கிளைக்குக் கம்பியால் வராத ஒரு முறுக்கு கிடைக்கும். கண்காட்சிக்கு முன் இலைகளை முழுக்கக் கிள்ளிவிட்டு வெறுங்கிளையாகக் காட்டுவதும் அவர்கள் வழக்கம். தன் கிளை வேலையில் சந்தேகம் உள்ளவர் அந்தத் துணிச்சலுக்கு வரமாட்டார்.

கத்தரிக்கோலுக்கு இச்சி அஞ்சுவதில்லை. வெட்டினால் பால் வடியும். சற்று நேரத்தில் தானே நின்றுவிடும், தண்ணீர் தெளித்தால் இன்னும் சீக்கிரம். பழைய கட்டையிலிருந்தும் கொழுந்து வெடிக்கும். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை வெட்டி நட்டால்கூட வேர் பிடிக்கும். கம்பி சுற்றினால் மட்டும் கவனம் வேண்டும். வளர்ச்சி வேகம் அதிகம் என்பதால் நாலைந்து வாரத்திலேயே கம்பி பட்டைக்குள் புதைந்து, சுற்றுத் தழும்பை விட்டுவிடும்.

விழுதுக்கு வருவோம். இந்தக் கலையில் எனக்கு அலுக்காத பகுதி இதுதான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் கிளையிலிருந்து செந்நிற நுனியோடு நூல் போன்ற விழுது இறங்கும். வறண்ட காற்றில் பாதி வழியில் காய்ந்துவிடும். அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழலை நெடுக்காகக் கீறி, விழுதைச் சுற்றிப் பொருத்தி, ஈரப்பாசி அடைத்து, அடி நுனியைத் தொட்டி மண்ணில் ஊன்றிவிட வேண்டும். விழுது ஈரத்தைப் பிடித்துக்கொண்டே மண்ணுக்கு வந்து சேரும். மண்ணைத் தொட்ட விழுதின் போக்கே வேறு. மளமளவென்று பருக்கும். உள்ளே இழுவிசைக் கட்டை உருவாகி, தளர்ந்து தொங்கியது சற்றே சுருங்கி விறைப்பாக நிற்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விழுது வேரூன்றியதும், விழுதுக்கு அப்பால் உள்ள கிளைப்பகுதி கொழுக்கும், அடிமரத்துக்கும் விழுதுக்கும் இடைப்பட்ட பகுதி மெலிந்தே நின்றுவிடும். கிளை அடியில் ஒல்லி, நுனியில் தடிமன் என்று தலைகீழாகிவிடும். எனவே எந்த விழுதை மண்ணில் விடுவது, எதைக் கிள்ளுவது என்பது அலங்காரக் கேள்வி அல்ல. கிளையின் எதிர்காலமே அதில் இருக்கிறது. எல்லா விழுதையும் இறக்கிவிட்டவர் கடைசியில் மரத்தை விழுது வேலிக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்.

அத்தி இனத்தின் இன்னொரு குணம், ஒட்டிக்கொள்வது. இரண்டு வேர்கள் உரசி அழுந்தினால் ஒன்றாகிவிடும். இளஞ்செடிகள் பலவற்றைச் சேர்த்து இறுகக் கட்டி வைத்தால் சில ஆண்டுகளில் ஒரே அடிமரமாகும். தைவான் கலைஞர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். வேர் இல்லாத பக்கத்தில் வேர், கிளை இல்லாத இடத்தில் கிளை என்று ஒட்டுப்போட்டே மரத்தை நிறைவு செய்கிறார்கள். இது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. காட்டு இச்சி இதைத்தானே செய்கிறது?

ஏமாற்று வேலை என்று நான் சொல்வது வேறொன்றை. ஜின்செங் ஃபைகஸ் என்று கிழங்கு போலப் பருத்த வேரோடு கடைகளில் விற்கிறார்களே, அது. விதைநாற்றின் வேரைப் பருக்கவைத்து, மண்ணுக்கு மேலே தூக்கிவைத்து, தலையில் வேறொரு ரகத்தை ஒட்டுக்கட்டிய சரக்கு அது. மேலே உள்ள இலைக்கும் கீழே உள்ள உடம்புக்கும் சம்பந்தமே இருக்காது.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே பராபியாகோவில் 1991-இல் தொடங்கிய கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகத்தில், சீனத்திலிருந்து வந்த பெரிய ஃபைகஸ் ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டு என்கிறார்கள். வெப்பமண்டல அத்திகளில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. வேர்கள் ஒட்டி உருவான அடிமரத்தில் எதை எண்ணுவது? கம்பீரமான மரம், அதில் ஐயமில்லை. வயதை விட்டுவிட்டு ரசிக்கலாம்.

வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சாதாரண நர்சரிக் கன்று போதும். முதலில் தரையில் நடுங்கள், வேருக்கு அடியில் ஓர் ஓடு வைத்து. வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் விரியும். அடி பருத்த பிறகு தொட்டி. அதில் செங்கல் சல்லியும் ஆற்று மணலும் மக்கிய உரமும் நிரப்புங்கள், தூசி சலித்துவிட்டு. பட்டினி போட்டால் மரம் குட்டையாகும் என்பது தவறான நம்பிக்கை, குட்டையாக வைப்பது கவாத்துதான். இலையை முழுக்கக் கிள்ளுவது வலுவான மரத்துக்கு மட்டும், வளரும் பருவத்தில், காம்பை விட்டுவிட்டு. தொட்டி மாற்றிய கையோடு செய்யாதீர்கள். கொழுந்திலை பாதியாக மடிந்து செம்புள்ளி விழுந்தால் உள்ளே இலைப்பேன் குடும்பமே இருக்கும். மருந்து உள்ளே எட்டாது, மடிந்த இலைகளைக் கிள்ளி அழியுங்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, கூடத்தில் வைக்கலாமா என்பது. விருந்தினர் வருகிற நாளில் வையுங்கள். மறுநாள் காலையில் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.