பழைய வேன், புது பெயிண்ட்: கலருக்கு முன்னாடி ஒரு வேலை

கேரவன்னாலே நமக்கு சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். என்கிட்ட இருக்கிறது ஒரு பழைய பஜாஜ் டெம்போ மெட்டடார். பின்னாடி படுக்கை போட்டு, திருப்போரூர்ல வீட்டு வாசல்ல நிக்குது. உள்ளே பெயிண்ட் அடிக்கிற வேலையை நானே செய்றேன்.

"என்ன கலர்?"னுதான் எல்லாரும் கேக்குறாங்க. ஆனா கலர் கடைசி வேலை. முதல்ல பழைய பெயிண்ட்டைத் தேய்க்கணும். ஆபத்து அங்கதான். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்ட்டுக்கே ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதுங்கிற விதி இந்தியாவில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஈயத் தூசி குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். என் அண்ணன் பொண்ணுக்கு நாலு வயசு. அவ விளையாடுற இடமே இந்த வேன்தான்.

அதனால காஞ்ச நிலையில தேய்க்காதீங்க. தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர்ல தேய்ங்க. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். என்95 மாஸ்க் கட்டாயம். தூசியைப் பெருக்காம ஈரத்துணியால துடைங்க. போட்டிருக்கிற டிரஸ்ஸை மாத்திட்டு, குளிச்சிட்டுத்தான் குழந்தையைத் தூக்கணும்.

இங்க கடல் பக்கம். உப்புக் காத்துல வெறும் தகடு சீக்கிரம் துரு பிடிக்கும். ஈரம் நல்லா காஞ்சதும் அன்னைக்கே பிரைமர் அடிச்சிடுங்க.

கலரை அப்புறம் வீட்ல சண்டை போட்டு முடிவு பண்ணிக்கலாம்.