ஏலமலையில் கணக்குக்கு வராத நோய்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



செயலாளர் போன் போட்டு, "அண்ணே, நீங்க 35 வருஷம் மில்லுல பாதுகாப்பு அதிகாரியா இருந்தீங்க. எந்தத் தொழில்ல எவ்வளவு நோய் வருதுன்னு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க"ன்னு சொன்னார். சரி என்று ஒத்துக்கொண்டேன். இருபது நிமிஷத்தை நான் நாற்பதாக்குவேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதனால் யாரும் பயப்பட வேண்டாம்.

1981-ல் வேதியியல் படித்து முடித்து வெளியே வந்தேன். அப்போது நாம் மதுரை மாவட்டம். வேலை தேடி அந்த மீட்டர் கேஜ் ரயிலில்தான் மதுரைக்குப் போய் வந்தோம். 2010-ல் நின்ற அந்த ரயில் 2023 ஜூனில் அகலப் பாதையில் திரும்பி வந்தது. உங்களில் பல பேர் அதில்தான் வந்து இறங்கியிருக்கிறீர்கள். நிற்க. வேலை கிடைக்கும் வரை போடியிலேயே ஒரு பூச்சிமருந்துக் கடையில் இரண்டு வருஷம் இருந்தேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்த பையன் என்பதால் முதலாளிக்கு என்மேல் ஒரு மதிப்பு. தோட்டக்காரர்கள் வந்து, "தம்பி, ஏலத்துல பேன் விழுந்திருக்கு, காய் சொறி பிடிக்குது, எது அடிச்சா உடனே கேக்கும்?" என்பார்கள். நான் டாக்டர் மாதிரி எடுத்துக் கொடுப்பேன். டப்பாவில் சாய்சதுரத்துக்குள் கலர் முக்கோணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. 1971-ம் வருஷ விதியில் வந்த அடையாளம் அது. சிவப்பு, மஞ்சளைப் பார்த்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. கடைக்கு வருகிறவர்கள் அதையே கேட்டு வாங்குவார்கள். விஷம் கூடினால் வேலை கூடும் என்ற கணக்கு. நானும் மறுத்துச் சொன்னதில்லை.

எங்கள் சின்னம்மா ஒருவர், அம்மாவின் கடைசித் தங்கை, அப்போது மேலே காய் எடுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார். விடியுமுன் ஜீப், 17 கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டு தாண்டி இறங்கினால் கேரளத்து ஏலத்தோட்டம். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பி வர வேண்டும். ஒருநாள் ராத்திரி வீட்டுக்குப் போனால் சின்னம்மா திண்ணையில் சுருண்டு கிடக்கிறார். வாந்தி, வியர்வை ஆறாக ஓடுகிறது, வாயில் எச்சில் நிற்கவில்லை. "கண்ணு மங்கலா இருக்குடா, விளக்கு தெரியல"ன்னு சொன்னார். ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். நல்ல மனுஷர்தான். "நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "பழைய சோறுய்யா." அவ்வளவுதான், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி மாத்திரை கொடுத்தார்.

நண்பர்களே, நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் அந்தத் தோட்டத்தில் மருந்து அடித்தார்கள், மறுநாளே ஈரம் காயுமுன் பெண்களைக் காய் எடுக்க இறக்கினார்கள் என்று சின்னம்மா ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சொல்லியிருந்தார். எச்சில், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்கிப் பார்வை மங்குவது எல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். கடையில் உட்கார்ந்து பொழுது போகாமல் அந்தத் தாளை நூறு தடவை படித்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் நாம் என்ன சொல்வது என்ற கூச்சம் ஒரு பக்கம். என் கடை மருந்தாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம். ரெண்டாவதுதான் பெரிசு. சின்னம்மா நாலு நாள் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் மறுபடி ஜீப் ஏறினார்.

வேதியியல் துறை நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்றேன். நம் நரம்பு ஒரு சேதியை அனுப்ப அசெட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துப் போட ஒரு நொதி உண்டு. கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள், குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகையறா, அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும். சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பூச்சிக்கு நடப்பதும் அதுதான், மனுஷனுக்கு நடப்பதும் அதுதான். குடித்தால்தான் விஷம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். தோல் வழியாகவே உள்ளே போகும். நனைந்த சேலை, நனைந்த தலைத்துணி, மருந்து பட்ட கையால் போட்ட வெற்றிலை, எல்லாம் வழிதான். ஏலச்செடி ஆளுக்கு மேலே வளரும், காய்க்கிற சரமோ தூரில் தரையோடு படர்ந்து கிடக்கும். குத்த வைத்து, இலைக்குள் தலையை விட்டுத்தான் காய் எடுக்க வேண்டும். மேலே இலையில் இருப்பது முதுகில் சொட்டும். அந்த நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். முறிவுக்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. ஆக, கண்டுபிடிக்க முடியாத நோயும் இல்லை, மருந்தில்லாத நோயும் இல்லை.

1983-ல் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. பின்னாளில் பாதுகாப்பு அதிகாரி ஆனேன். அங்கே பஞ்சு உடைக்கிற இடத்திலும் கார்டிங்கிலும் இருப்பவர்களுக்கு ஒரு நோய் வரும், பைசினோசிஸ் என்று பெயர். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சைப் பிடிக்கும், செவ்வாய், புதன் போகப் போகத் தேறும். 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய 29 நோய்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. 89-வது பிரிவின்படி மில் நிர்வாகமும் எழுத வேண்டியிருந்தது, பார்த்த டாக்டரும் எழுத வேண்டியிருந்தது. நான் வருஷா வருஷம் படிவத்தை நிரப்பினேன். தொழில் நோய் என்ற கட்டத்தில் 'இல்லை' என்றுதான் எழுதினேன். "திங்கக்கெழமை ஆனா நெஞ்சு அடைக்குது சார்"னு என்னிடமே சொன்னவர்கள் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் நான் எப்படி எழுதுவது? டாக்டரோ, ஆஸ்துமா என்று எழுதுவார். ஒருவர் மேலும் பொய் சொன்ன குற்றம் இல்லை. கட்டத்தில் 'இல்லை' விழுந்துவிடும்.

இப்போது செயலாளர் கேட்ட கணக்குக்கு வர்றேன். எந்தத் தொழிலில் நோய் அதிகம்? விகிதம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் வருஷந்தோறும் தொழில்வாரியாகப் பட்டியல் போடுகிறது. வேலையால் வந்த காயம், நோய் இவற்றை எண்ணி, எல்லோரும் சேர்ந்து உழைத்த மணிநேரத்தால் வகுத்து, 2 லட்சத்தால் பெருக்குவார்கள். 100 பேர், வாரம் 40 மணி, வருஷம் 50 வாரம், அதுதான் அந்த 2 லட்சம். அப்போது பெரிய ஆலையையும் சின்ன ஆலையையும் ஒரே தராசில் வைக்கலாம். 1990-களில் அந்தப் பட்டியலில் கையை ஒரே மாதிரி ஆட்டி ஆட்டி வரும் நரம்பு, தசை நோய்களில் இறைச்சி வெட்டும் ஆலைகள் முன்னால் நின்றன. 2019-ல் தனியார் துறை முழுவதற்கும் 1,27,200 நோய் என்று இருந்த கணக்கு 2020-ல் 5,44,600 ஆனது. கொரோனாதான் காரணம், ஆஸ்பத்திரி ஊழியர்களும் முதியோர் இல்ல ஊழியர்களும் அதில் நிறையப் பேர். எனக்கு அதில் உறைத்தது வேறு. அந்த நோய்க்கு ஒரு பரிசோதனை இருந்தது, செய்தார்கள், எண்ணிக்கை வந்தது. அந்த ஊர்ப் பட்டியலிலும் ஓர் ஓட்டை உண்டு. 11 ஆட்களுக்குக் குறைவான பண்ணைகள் அதில் சேர்த்தி இல்லை.

நம் ஊர் ஓட்டை இன்னும் பெரிசு. 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் தேயிலை, காபி, ரப்பரோடு ஏலமும் இருந்தது. ஆனால் 5 ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கரும், 15 ஆளும் இருந்தால்தான் அது சட்டப்படி தோட்டமாக இருந்தது. 2010-ல் அதைத் திருத்தி, பூச்சிமருந்தைக் கையாள்வதில் பாதுகாப்புச் செய்வது முதலாளி கடமை என்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் தொழிற்சாலைகள் சட்டமும் போய், 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏலமலையில் பாதிக்கு மேல் சின்னச் சின்னத் தோட்டம். ஆள் இன்றைக்கு ஒரு காட்டில், நாளைக்கு வேறு காட்டில். கீழே போட வேண்டிய எண்ணே கிடையாது.

மேலே போட வேண்டிய எண்ணாவது கிடைக்குமா? மருந்து படுவது இடுக்கி மாவட்டத்தில். வாந்தி வருவது ராத்திரி போடியில், தேவாரத்தில், கோம்பையில், கம்பத்தில். கேரளத்து அதிகாரிக்கு நோயாளி தெரியாது. தமிழ்நாட்டு டாக்டருக்குத் தோட்டம் தெரியாது. ரெண்டு மாநிலமும் நேர்மையாகவே 'இல்லை' என்று எழுதலாம். அதோடு, முடியாமல் போனவரை மறுநாள் ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே தோட்டத்தில் போய்ப் பார்த்தால் எல்லோரும் திடகாத்திரமாகத்தான் இருப்பார்கள். தொழில்வாரியாக ஒரு பட்டியல் போட்டால் மில்லில் கொஞ்சம், கல்குவாரியில் சிலிகோசிஸ் கொஞ்சம் என்று வரும், ஏலமலைக்கு நேரே பூஜ்யம் விழும். ஜீப் கவிழ்ந்தால் மட்டும் எண்ணிக்கை உண்டு, பேப்பரில் வந்துவிடும்.

   2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

எண்ணத் தெரியாதவர்களா நாம்? ஏலக்காயை எண்ணிப் பாருங்கள். புத்தடியிலும் நம் போடியிலும் நடக்கிற மின்னணு ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் எடை, விலை, வாங்கியவர் எல்லாம் பதிவு. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் அனுமதித்ததற்கு மேல் 14 பூச்சிமருந்து இருக்கிறது என்று சோதனையில் வந்து, கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேலான டின்கள் அப்படியே நின்றன. அடுத்த வருஷம் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு விஷயம். மாலை போட்டவர்கள் நம் சபையிலும் உண்டு, அன்றைக்கு எவ்வளவு பதறினோம்! ஒரு டின் பாயசத்துக்குள் கிடக்கும் நாலு ஏலக்காயில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கச் சோதனைச்சாலை இருந்தது. அந்தக் காயைப் பறித்த பெண்ணின் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை.

இதைச் சொல்லும்போது தோட்டக்கார நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம் கல்லூரிக் கட்டிடத்தில் ஏலக்காய்க் காசு இருக்கிறது, நான் படித்த பாடத்திலும் இருக்கிறது. மருந்து அடிக்காவிட்டால் காய் சொறி பிடித்து விலை போகாது என்பதும் தெரியும். எண்டோசல்பானை 2011-ல் உச்சநீதிமன்றம் நிறுத்தியபோது, இனி ஏலமே இல்லை என்றார்கள். ஏலம் இருக்கிறது.

சின்னம்மா 2009-ல் காலமானார். கடைசிப் பத்து வருஷம் கை நடுக்கம் இருந்தது. அது மருந்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் போனதில் எனக்கும் பங்குண்டு என்பதைத்தான் இந்த மேடையில் சொல்ல வந்தேன்.

1700-ல் இத்தாலியில் ரமாசினி என்ற டாக்டர் தொழில்வாரியாக நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் கேளுங்கள் என்று மற்ற டாக்டர்களுக்குச் சொன்னார். நம் கல்லூரியில் படித்து, பிள்ளைகளை டாக்டராக்கியவர்கள் இங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். போடி, தேனி, கம்பத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார்கள். ஓ.பி. சீட்டில் பெயர், வயதுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: என்ன வேலை, எந்தக் காடு, கடைசியாக மருந்து அடித்தது எப்போது. தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் மருந்து அடித்த தேதியை ஒரு நோட்டில் குறித்து, டப்பாவில் போட்டிருக்கிற நாள் கழிந்த பிறகு ஆளை இறக்குங்கள். நோட்டு நான் வாங்கித் தருகிறேன். 40 நோட்டு கொண்டு வந்திருக்கிறேன், நுழைவாயிலில் பேட்ஜ் கொடுக்கிற மேசையில் இருக்கிறது. ஒரு வருஷம் எழுதிவிட்டு, அடுத்த சந்திப்புக்கு வரும்போது கொண்டு வாருங்கள். கணிதத் துறை நண்பர் ஒருவர் கூட்டிப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாம்பார் வாசனையும் வந்துவிட்டது.