மலைப்பாதையில் ஆட்டோமேட்டிக் கார்: ஓட்டுவதும் நிறுத்துவதும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



கோடை விடுமுறைக்கு ஊட்டி போவதாக நம் குடியிருப்பில் ஐந்தாறு குடும்பங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போவது பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. ஆனால் சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கீழே நிற்கும் கார்களைப் பாருங்கள், நிறையவே ஆட்டோமேட்டிக். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு அவினாசி சாலை நெரிசல், இன்னொருவருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் போட்ட உத்தரவு. முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த இடது காலுக்கு எல்லோரும் ஓய்வு கொடுத்துவிட்டோம். அதோடு மலையில் வண்டி ஓட்டும் பழக்கத்துக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டோமோ என்பதுதான் என் கவலை.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு 35 ஆண்டுகள் வங்கியில் பேரேடு பார்த்தவன். ஆனால் வங்கிச் சுற்றறிக்கைகளை அடிக்கோடிட்டுப் படித்த பழக்கத்தில் காரோடு வந்த கையேட்டையும் அப்படியே படித்தேன். கடந்த ஏழு ஆண்டுகளாக ஊட்டி, கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு என்று ஆட்டோமேட்டிக் வண்டியில்தான் ஏறி இறங்குகிறேன். அந்த அளவில் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குக் கண் கிடையாது. வண்டி என்ன வேகத்தில் போகிறது, நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை முக்கியமாக வைத்துத்தான் அது கியரைத் தீர்மானிக்கிறது. முன்னால் கொண்டை ஊசி வளைவு வருகிறது, அதற்குப் பிறகு பத்து கிலோமீட்டர் இறக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இறக்கத்தில் நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், 'ஐயா நிதானமாகப் போகிறார், பெட்ரோல் மிச்சம் பிடிப்போம்' என்று எண்ணிக்கொண்டு பல வண்டிகள் மேல் கியருக்குப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது கீழ் கியர். சில புது வண்டிகள் சரிவை உணர்ந்து தாமாகக் கியரைக் குறைக்கும் என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நம் வண்டி எந்த வகை என்று தெரிந்திருப்பதும் அவசியம். மாருதியில் ஏ.ஜி.எஸ். என்று எழுதியிருந்தால் அது ஏ.எம்.டி. வகை. 2014-இல் செலேரியோவில்தான் நம் நாட்டுக்கு அது வந்தது. உள்ளே இருப்பது சாதாரண கியர் பெட்டியும் கிளட்சும்தான். நம் காலுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் கிளட்சை மிதிக்கிறது, அவ்வளவே. ஹோண்டா சிட்டி, அமேஸ் போன்றவற்றில் இருப்பது சி.வி.டி. ஃபோக்ஸ்வாகன் டி.எஸ்.ஜி. என்று சொல்வது இரட்டை கிளட்ச் வகை. டார்க் கன்வர்ட்டர் என்று பழைய, உறுதியான வகை ஒன்றும் உண்டு. டீலரிடம் "ஆட்டோமேட்டிக்கா?" என்று மட்டும் கேட்டு வாங்கியவர்கள் இன்றிரவு கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். ஏன் என்பது இன்னும் சிறிது நேரத்தில் தெரியும்.

ஏற்றம் அவ்வளவு சிரமம் இல்லை. 'டி'-யில் போட்டால் வண்டி ஏறும். வளைவுக்கு வளைவு கியரை மாற்றி மாற்றித் தடுமாறினால் கையால் மாற்றும் 'எம்' நிலைக்குப் போய் இரண்டாவது கியரில் வைத்துக்கொள்ளுங்கள். சி.வி.டி.யில் 'எஸ்' அல்லது 'எல்'. ஏற்றத்தில் முக்கியமான பிழை வேறு இடத்தில் நடக்கிறது. பர்லியார் பக்கம் பஸ் ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் நிற்கிறது, பின்னால் நாம் வரிசையில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, வண்டி பின்னால் போகாதபடி அப்படியே நிறுத்தி வைத்திருப்பார்கள். பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும். உள்ளே கிளட்ச் தேய்ந்து சூடேறிக்கொண்டிருக்கும். ஏ.எம்.டி., இரட்டை கிளட்ச் வண்டிகளில் இது நேராக கிளட்சுக்கு வைக்கும் கொள்ளி. மற்ற வகைகளில் கியர் ஆயில் கொதிக்கும். நிற்கும்போது கால் பிரேக். நேரமானால் ஹேண்ட் பிரேக்.

மறுபடி கிளம்பும்போது ஹில் ஹோல்டு வசதி இருந்தால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு வண்டியைச் சுமார் இரண்டு விநாடி பிடித்துக்கொள்ளும். இரண்டே விநாடி. அதற்குள் ஆக்சிலரேட்டர் மிதிக்க வேண்டும், செல்ஃபி பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த வசதி இல்லாத ஏ.எம்.டி.யில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் திமிறுவது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பழைய அம்பாசிடரில் நாம் செய்ததுதான்.

இனி இறக்கம். இதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். காரும் நாலு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 1,400 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை அவ்வளவு உயரத்திலிருந்து கீழே கொண்டு வந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். நமக்குப் புரிகிற மின்வாரியக் கணக்கில் ஐந்தே முக்கால் யூனிட். 2 கிலோவாட் கீசரைக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தொடர்ந்து போட்டால் வரும் வெப்பம். காற்றும் டயரும் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதி எங்கேயாவது போயாக வேண்டும். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். 'டி'-யில் விட்டுவிட்டுப் பிரேக்கிலேயே இறங்கினால் அத்தனை வெப்பமும் நாலு சக்கரத்தில் இருக்கும் பிரேக்குகளில் இறங்கும். முதலில் ஒரு கருகல் வாடை வரும். பிறகு பிரேக் பிடிப்பு குறையும். அதற்கும் பிறகு பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், மிதித்த கால் நேரே தரைக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏற ஏறக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பெரும்பாலான கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். ஊட்டி போகுமுன் கார் கழுவுகிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எனவே இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியர். 'எம்' நிலையில் இரண்டு. செங்குத்தான இடத்தில் ஒன்று. சி.வி.டி.யில் 'எல்' அல்லது 'எஸ்'. இன்ஜின் சத்தம் போடும். மனைவி, "வண்டி ஏன் இப்படி உறுமுது?" என்று கேட்பார். உறுமட்டும், அது வேலை செய்கிற சத்தம். நம் அப்பா காலத்தில் சொன்ன விதி, ஏறிய கியரிலேயே இறங்கு என்பது. ஆட்டோமேட்டிக்குக்கும் அதே விதிதான். அதற்கு மேல் பிரேக் தேவைப்பட்டால் வளைவுக்கு முன் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். வழி நெடுக லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைச் சுட வைக்கிறது.

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: ஓடும்போதே 'டி'-யிலிருந்து 'எல்'-லுக்கு மாற்றலாமா? நல்ல கேள்வி. மாற்றலாம். முதலில் பிரேக் மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு மாற்றுங்கள். ஓடும்போது தொடக்கூடாதவை 'ஆர்', 'பி' இரண்டும்தான். இறக்கத்தில் 'என்'-னும் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜினின் பிடி முழுவதும் போய்விடும். இன்னும் துணிந்து இன்ஜினையே அணைப்பவர்களுக்கு ஸ்டியரிங் கல்லாகும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகும். சொல்லப்போனால் இக்காலத்து வண்டிகளில் கியரில் இறங்கும்போதுதான் பெட்ரோல் நின்று போகிறது. நியூட்ரலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார்கள்.

கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி அரைமணி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் வளைந்துவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகவும் செங்குத்து. வெளியூர் வண்டிகள் அதில் இறங்க விடுவதில்லை. காரணமாகத்தான். மேப் காட்டுகிறது என்று அங்கே போய் நிற்க வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருக்கும் இருவருக்கு ஒரு வார்த்தை: மேலே ஊட்டியில் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியால் இறக்கத்து ஆற்றலை வாங்கிக்கொள்ள முடியாது, வண்டி இழுத்துப் பிடிப்பது குறைந்துவிடும்.

குறுகிய இடத்தில் எதிரெதிரே வண்டி வந்தால் இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வது அல்ல, சாலை விதியே அதுதான்.

நிறுத்துவதைப் பற்றி. இதை நம் வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மார்ச் மாதம் சி பிளாக் சரிவில் நின்ற ஒரு கார் ஆளில்லாமல் இறங்கி, மோட்டார் ரூம் சுவரில் இடித்து நின்றது எல்லோருக்கும் தெரியும். சுவரில் கீறலும் பம்பரில் ஒடுக்கும்தான். ஆனால் கால்மணி நேரத்துக்கு முன்வரை அந்தச் சுவரோரம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யார் வண்டி என்பது இங்கே பேச்சில்லை. எப்படி நடந்தது என்பதுதான் பேச்சு. ஏ.எம்.டி. வண்டி. அதில் 'பி' கிடையாது. 'என்'-னில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

பெரும்பாலான ஏ.எம்.டி. வண்டிகளில் 'பி' இல்லை. எனவே கியரிலேயே நிறுத்த வேண்டும். கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, ஏற்றம் பார்த்து நிற்கும் வண்டியை முன் கியரிலும் இறக்கம் பார்த்து நிற்கும் வண்டியை 'ஆர்'-ரிலும் போட்டு, பிறகு இன்ஜினை அணையுங்கள். திரையில் கியர் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்.

'பி' உள்ளவர்கள் நிம்மதியாகச் சிரிக்க வேண்டாம். 'பி' என்பது பிரேக் அல்ல. கியர் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் விழும் ஒரு சின்ன இரும்பு நாக்கு. 1,400 கிலோவையும் சரிவில் அந்த நாக்கில் தொங்கவிட்டால், மறுபடி எடுக்கும்போது லிவர் இறுகி, 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முறை இதுதான்: கால் பிரேக்கில் நிறுத்துங்கள், 'என்' போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தி வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், மறுபடி மிதித்து 'பி' போடுங்கள். கிளம்பும்போது கால் பிரேக்கை மிதித்து முதலில் 'பி'-யிலிருந்து எடுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கடைசியில் விடுங்கள். வங்கியில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, அதிகாரியிடம் ஒன்று, தலைமைக் காசாளரிடம் ஒன்று. ஒருவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் இரண்டும் அவரிடம் போகாது. ஹேண்ட் பிரேக்கும் 'பி'-யும் அந்த இரண்டு சாவி.

சக்கரத்தைத் திருப்பி வைப்பதும் முக்கியம். நாம் இடப்பக்கம் நிறுத்துகிறோம். இறக்கம் பார்த்து நின்றால் முன்சக்கரத்தை இடப்பக்கம், ஓரத்தை நோக்கித் திருப்புங்கள். ஏற்றம் பார்த்து நின்று, ஓரத்தில் நடைபாதைக் கல் இருந்தால் வலப்பக்கம் திருப்புங்கள். வண்டி பின்னால் நகர்ந்தால் டயர் கல்லில் முட்டி நிற்கும். கல் இல்லாவிட்டால் இடப்பக்கம். இதெல்லாம் ஓரத்தில் மலைச்சுவர் இருந்தால்தான். இடப்பக்கம் பள்ளத்தாக்கு என்றால் அங்கே நிறுத்தவே வேண்டாம், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வழியில் கிடக்கும் கல்லை எடுத்து வைக்கிறோம். கிளம்பும்போது அதை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். இரவில் இருசக்கர வண்டியில் வருகிற மலைவாசிக்கு அந்தக் கல் எமன். இதற்கு ஒரு யோசனை. தச்சரிடம் சொல்லி நாலு ஜோடி மரக்கட்டைகள், கைப்பிடிக் கயிற்றோடு, சங்கச் செலவில் செய்து செக்யூரிட்டி அறையில் வைக்கலாம். மலைக்குப் போகிறவர்கள் ரெஜிஸ்டரில் வீட்டு எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். திரும்பி வந்ததும் வரவு வைத்துவிடலாம். ரெஜிஸ்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். பொருளாளர் செலவுக்கு ஒப்புதல் கொடுத்தால் மே மாதத்துக்குள் தயாராகிவிடும்.