பெயரில்லா ஓவியரும் பிறர் சுவரும்



2014–15ஆம் ஆண்டில் கொச்சியில் பியனாலே என்னும் கலைப் பெருங்காட்சி நிகழ்ந்த காலத்தில், அங்குச் சென்றவர்கள் காட்சிப் பட்டியலில் இடம்பெறாத சில ஓவியங்களையும் கண்டனர். பழைய மதிற்சுவர்களில் ஸ்டென்சில் தகடு வைத்துத் தீட்டிய உருவங்கள் அவை. மேனாட்டில் புகழ்பெற்ற முகங்களும் நம் மக்கள் நன்கறிந்த முகங்களும் அவற்றில் குறும்பாகக் கலந்திருந்தன. தீட்டியவர் தம்மைக் 'கெஸ் ஹூ' என்று அழைத்துக்கொண்டார். 'நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று கேட்பது போன்ற பெயர்!

சுவரில்லாமல் சித்திரம் எழுதலாமோ என்று நம் முன்னோர் கேட்டனர். அச்சுவர் பிறருடையதாயின் சித்திரம் யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை. இன்று அக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றுள்ளது.

இங்கிலாந்தின் கடற்கரை ஊராகிய ஃபோக்ஸ்டனில், 2014ஆம் ஆண்டு, ஒரு விளையாட்டுக் கூடத்தின் பின்சுவரில் ஓர் ஓவியம் தோன்றியது. வெறும் பீடம் ஒன்றை ஒரு மாது உற்று நோக்கி நிற்கும் காட்சி அது. தீட்டியவர், பேங்க்ஸி என்ற புனைபெயரால் மட்டும் தம்மை அறிவித்துக்கொள்ளும் ஓவியர். கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் சுவரின் அப்பகுதியை அப்படியே அறுத்தெடுத்து, விற்பனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டனர். சுவரைப் பழுதுபார்ப்பது குத்தகைப்படி தங்கள் கடமை என்றும், ஓவியத்தை அகற்றியதும் பழுதுபார்த்தலே என்றும் வாதிட்டனர். 2015இல் நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. அறுத்தெடுத்த துண்டு கட்டட உரிமையாளருக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. வெளி மாநிலங்களில் வாடகை வீடுகளில் வாழும் நம்மவர் இதனை நினைவில் வைப்பது நன்று. ஆணி அடிப்பதற்கே வீட்டுக்காரரிடம் வழக்காட வேண்டியிருக்கும்போது, சுவரை அறுப்பது எங்ஙனம்? அது நிற்க. இவ்வழக்கில் ஓவியர் ஒரு தரப்பினராகவே இல்லை என்பதையும் கருதவேண்டும்.

சட்டத்தின் கண்ணில் இங்கே இரண்டு பொருள்கள் உள்ளன. சுண்ணமும் செங்கல்லும் வீட்டுக்காரரின் உடைமை, அதில் ஐயமில்லை. அவ்வுருவத்தைப் படியெடுக்கும் உரிமை வேறு. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கலைத்தரம் இருப்பினும் இல்லாவிடினும், சுயமாகத் தீட்டப்பெற்ற ஓவியத்தைக் கலைப்படைப்பாகவே கொள்கின்றது. சுவருக்குரியவரின் இசைவு பெறப்பட்டதா என்ற வினா அவ்விலக்கணத்தில் இல்லை. ஆயினும் இசைவின்றித் தீட்டுவோரை வேறு சட்டங்கள் விடுவதில்லை. தில்லியில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்கள் பார்வையிலுள்ள சுவரை வண்ணத்தாலோ சுண்ணக்கட்டியாலோ கெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமை கோரி நீதிமன்றப் படியேறும் ஓவியர், அதே படியில் தம் குற்றத்தையும் ஒப்புக்கொண்டவர் ஆகின்றார். பெயரை மறைப்பது வெறும் விளையாட்டன்று என்பது இதனால் விளங்கும்.

பெயருடையவரின் நிலை வேறு. தில்லி விஞ்ஞான பவனத்தில் சிற்பி அமர்நாத் ஸேகல் வெண்கலத்தில் அமைத்த பெரிய சுவர்ச் சிற்பத்தை நம்மில் முதியோர் சிலர் கண்டிருக்கலாம். 1979இல் அதனைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டனர். 1992இல் சிற்பி வழக்குத் தொடர்ந்தார். தம் படைப்பைத் தமது என்று உரைக்கவும், தம் மதிப்புக்கு ஊறு நேருமாறு அது சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் படைப்பாளிக்கு உரிமை தரும் 57ஆம் பிரிவு அவருக்குத் துணை நின்றது. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தருமாறும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் ஆணையிட்டது. சிற்பத்தின் உரிமை அரசிடம் இருந்தும், படைத்தவரின் உரிமை அழியவில்லை. ஆனால் அவ்வுரிமையைக் கேட்க அவரே முன்வந்து நிற்க வேண்டியிருந்தது.

முகம் காட்டாதவருக்கு நேர்வது யாது? பேங்க்ஸியின் மலர் எறியும் உருவத்தை ஒரு வாழ்த்து அட்டை நிறுவனம் பயன்படுத்தியது. அவர் சார்பினர் வணிகக் குறிச் சட்டத்தை நாடினர். 2019இல் க்ராய்டனில் ஒரு கடைகூடத் திறந்தனர். 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் அக்குறியை நீக்கியது. பொருள் விற்கும் எண்ணமின்றிப் பதிந்த குறி என்பது காரணம். பெயர் மறைத்திருப்பதால் இவ்வோவியங்களின் ஐயமற்ற உரிமையாளர் என்று அவரை அடையாளம் காண இயலாது என்றும் அது குறிப்பிட்டது.

நம் சட்டம் பெயரிலிகளை அடியோடு மறந்துவிடவில்லை. 23ஆம் பிரிவு, பெயரின்றி வெளியான படைப்புக்கு வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுக் காப்பளிக்கின்றது. 54ஆம் பிரிவோ, ஆசிரியர் யார் என்பது வெளிப்படும் வரை வெளியீட்டாளரே உரிமையாளராய் நின்று வழக்காட வழி செய்கின்றது. இது புத்தகத்தை எண்ணி வகுத்த ஏற்பாடு என்றே நாம் கருதுகின்றோம். புத்தகத்துக்குப் பதிப்பகம் உண்டு. மதிற்சுவருக்கு யார் பதிப்பாளர்? இரவில் தீட்டி விடியுமுன் மறைபவர், தம் ஓவியத்தின் படிகளை ஒரு வெளியீட்டாளர் வாயிலாக அச்சிட்டு வழங்கினால், தாம் மறைந்திருந்தே அவரைக் கொண்டு உரிமை கோரலாம். சுவரோடு நின்றுவிட்டவருக்கு அத்துணையும் இல்லை. அவர் ஓவியத்தைப் படமெடுத்துச் சட்டையில் அச்சிட்டு விற்பவரைத் தடுக்க வேண்டுமாயின், அவரே பகலில் வந்து, அது தமது கைவண்ணம் என்று சொல்ல வேண்டும்.