நெற்றிக்குள் இருக்கும் மீகாமன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் வாத்தியாருக்கு மூளையைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களிற் சிலர் நினைத்தல் கூடும். யான் வைத்தியனல்லேன். வைத்திய சாஸ்திரம் வல்லார் எழுதியவற்றைப் படித்து, அவற்றை நம் மொழியில் எடுத்துரைத்தல் கூடும் என்னும் துணிபினாலேயே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நம் வீடுகளில் நேரும் ஒரு பெருந்துன்பத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நெற்றி எலும்பின் பின்னே பெருமூளையின் நெற்றிமடல் உள்ளது. அதன் முற்பகுதிப் புறணியை வைத்தியர்கள் பிரீபிரண்டல் கார்டெக்ஸ் என்பர். நாம் முன்னெற்றிப் புறணி எனலாம். காண்டற்கும் கேட்டற்கும் கைகால் அசைத்தற்கும் மூளையில் வேறு இடங்கள் உள. இப்புறணி அத்தொழில்களைத் தான் செய்வதில்லை, செய்விக்கின்றது. துறைமுகத்தில் உழைக்கும் நம்மவர்க்கு இதனை விளக்குதல் எளிது. வெளியே கப்பல்கள் பல நங்கூரமிட்டுக் காத்து நிற்கின்றன. எது முன்னே வரவேண்டும், எந்தப் பெர்த்தில் கட்டவேண்டும், காற்று மாறினால் எதனை நிறுத்தவேண்டும் என்று ஆணையிடுவோர் ஒரு மூட்டையையும் தூக்குவதில்லை, கிரேனையும் ஓட்டுவதில்லை. ஆயினும் அவர் ஒரு நாழிகை கண்ணயர்ந்தால் துறைமுகம் என்னாகும்?

இவ்வாட்சித் தொழில் பெரும்பாலும் மூவகைப்படும் என்பர். செய்யக் கருதியதை மனத்தில் விடாது தாங்கி நிற்றல் ஒன்று. இடையே எழும் வேட்கையை அடக்குதல் மற்றொன்று. நிலைமை மாறியவழி எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளுதல் பிறிதொன்று. இவற்றுள் அடக்குதல் எத்துணை அரிதென்பதை வீட்டிலேயே சோதித்தறியலாம். 'சிவப்பு' என்னும் சொல்லைப் பச்சை மையால் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லுக என்று உங்கள் மக்களைக் கேளுங்கள். நா 'சிவப்பு' என்றே முந்தும். ஸ்ட்ரூப் என்பவர் 1935-இல் வெளியிட்ட சோதனை இது.

தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை எனக்கு இங்கே நினைவு வருகின்றது. அதுகொண்டு வள்ளுவர் மூளைநூலை அன்றே கண்டறிந்தார் என்று சொல்ல யான் துணியேன். அங்ஙனம் சொல்லிக் கைதட்டல் பெறுவோர் வேறு பலர் உளர்.

இனி, இப்புறணி பழுதுற்றால் என்னாம்? நம் இராயபுரம் நிலையத்திலிருந்து 1856-இல் முதல் இரயில் புறப்பட்டது. அதற்கு எட்டாண்டு முன்னர், 1848 செப்டம்பர் 13-ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட் நாட்டில் இருப்புப்பாதைக்காகப் பாறை பிளந்துகொண்டிருந்தனர். பினியாஸ் கேஜ் என்னும் 25 வயது மேஸ்திரி, துளையில் வெடிமருந்தை இடித்துக்கொண்டிருக்கையில் மருந்து வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் 13 இராத்தலுக்கு மேற்பட்ட நிறையும் உடைய இருப்புக்கோல் இடக்கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியே வெளிப்பட்டது. அவன் இறந்திலன், சிறிது நேரத்தில் பேசினான், நடந்தான். ஆனால் ஹார்லோ என்னும் வைத்தியர் பின்னர் எழுதியது யாது? முன்பு திறமையும் ஒழுங்கும் மிக்கவனாயிருந்தவன் இப்பொழுது வாய்க்கு வந்தபடி ஏசுகின்றான். ஒரு திட்டம் வகுத்து அது முடியுமுன் வேறொன்றிற்குத் தாவுகின்றான். நண்பர்க்கு அவன் பழைய கேஜாகத் தோன்றவில்லை. பழைய வேலையும் அவனுக்குக் கிடைத்திலது.

இத்தகையோரிடம் காணப்படும் வியப்பு வேறொன்றும் உண்டு. சீட்டுகளை வகைப்படுத்தும் சோதனையில், விதி மாறியது என்றறிந்தும், தாம் செய்வது பிழை என்று தம் வாயாலேயே சொல்லிக்கொண்டும், சிலர் பழையபடியே சீட்டை வைப்பர். அறிவு இருக்கின்றது, அவ்வறிவு கையை ஆளவில்லை. "தெரிந்துதானே செய்கிறான்!" என்று நாம் கடிந்துகொள்வது இவ்விடத்தே பொருந்தாமை காண்க.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே தலைக்கவசமின்றிச் செல்லும் நம் இளைஞரை நாள்தோறும் காண்கின்றோம். மண்டையோட்டின் அடித்தளம் முற்பக்கத்தில் கரடுமுரடானது. தலை எப்பக்கம் மோதினும், மூளை குலுங்கி, கண்களுக்கு மேலுள்ள நெற்றிமடற்பகுதி அக்கரட்டின்மேல் உராய்ந்து நைந்துபோதல் மிகுதி. என்னிடம் பயின்ற ஒருவனுக்கு இவ்வாறே நேர்ந்தது. பெயரும் தெருவும் சொல்லேன். இருவாரத்தில் காயம் ஆறிற்று. நடையிலும் பேச்சிலும் குறையில்லை. ஆனால் எழுப்பினாலன்றி எழான். கையிற் பணமிருந்தால் அன்றே செலவிடுவான். சிறு சொல்லுக்கும் சீறுவான். சோம்பேறி என்றனர் சிலர். செய்வினை என்றனர் சிலர். வேலை கொடுத்தோர் நிறுத்திவிட்டனர். முடிவில் மனைவியின் வீட்டார் நம் சங்கத்திற்கே முறையீடு கொண்டுவந்தனர். குணக்கேடு என்று தீர்ப்புச் சொல்லுமுன் வைத்தியர் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்று யான் அன்று வேண்டினேன். இனி வரும் முறையீடுகளிலும் அதனையே வேண்டுகின்றேன்.

அடிபடாத மூளைக்கும் ஒரு சொல். இப்புறணி முதிர்ச்சியடைதல் மூளையின் பெரும்பாலான பகுதிகளுக்குப் பிந்தியே. இருபத்தைந்து வயதளவும் அது நீளும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய வண்டி வாங்கித் தரும் தந்தையர் இதனை எண்ணுக. உறக்கமின்மையும் குடியும் இதனைத் தாக்கும். இரவு ஷிப்ட் முடித்து வருவோரின் எரிச்சலை வீட்டார் சற்றே பொறுத்தல் நன்று.

மருந்து உண்டோ என்பீர். நைந்ததை முன்போலாக்கும் மருந்து இல்லை. பயிற்சியால் தேறுதல் உண்டு. அறுவை வைத்தியர் பி. இராமமூர்த்தி 1950-இல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மூளை அறுவையைத் தொடங்கினார். நமக்கு அண்மையிலோ ஸ்டான்லி இருக்கின்றது; மூளை ஆராய்ச்சியில் உலகப்புகழ் பெற்ற வி. எஸ். இராமச்சந்திரன் அக்கல்லூரியில் பயின்றவரே. கேஜின் பிற்காலமும் கருதத்தக்கது. அவன் சிலி தேசத்திற்குச் சென்று பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டினான். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே கடமை. அவ்வொழுங்கே அவனைத் தாங்கியிருத்தல் கூடும் என்று ஆராய்வோர் கருதுகின்றனர்.

யான் கூறிய மாணவனின் தாயார், வைத்தியர் சொற்படி, நாள்தோறும் காலையில் ஒரு பலகையில் ஐந்து வேலைகளை எழுதி வாயிற்படியருகே மாட்டுகின்றார். முடித்ததை அவனே அழித்தல் வேண்டும். சென்ற மாதம் மாலையில் யான் சென்றபோது பலகையில் ஒன்றே எஞ்சியிருந்தது.